வாசற்படியின் உயரம்

இரும்புலியூரில் நாங்கள் கூடும் இடம் ஒரு வீட்டு மொட்டை மாடியிலுள்ள சிறிய அறை. மின்தொடர் வண்டிகள் தாம்பரம் நோக்கிச் செல்லும் ஓசையும், ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத இரைச்சலும் அங்கே கேட்டுக்கொண்டேயிருக்கும். 2006-ஆம் ஆண்டு முதல் நாங்கள் மூவர் ஞாயிறு மாலைகளில் அங்கே கூடி வருகிறோம். ஒருவர் வங்கி எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். இன்னொருவர் வயதில் இளையவர், கணினித் துறையில் பணிபுரிபவர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தங்கள் சேமிப்பையும் கடனையும் கணினியில் எழுதிவைக்க ஒரு மென்பொருள் செய்து, அதை இலவசமாகக் கொடுத்து வருகிறோம். அவ்வளவுதான் எங்கள் தொண்டு.

இந்தத் தொண்டில் எங்களை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் செய்த கேள்வி ஒன்றுண்டு. கேட்பவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றாது. “உங்கள் மென்பொருள் இயங்குவதற்குத் தரவுத்தளத்தின் எந்தப் பதிப்பாவது இருக்க வேண்டும்?” என்பதே அது. ஓர் எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள் என்பதை நாங்கள் மிகவும் தாமதமாகவே உணர்ந்தோம். உணர்ந்த கதையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது நலமெனத் தோன்றுகிறது.

தரவுத்தளம் என்றால் என்ன? சுய உதவிக் குழுவில் ஒரு பேரேடு உண்டு. யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு கடன் பெற்றார், எத்தனை தவணை கட்டினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினிக்குள் அந்தப் பேரேட்டைக் காத்துவரும் கணக்குப்பிள்ளைதான் தரவுத்தளம். நாங்கள் எழுதும் மென்பொருள் அந்தக் கணக்குப்பிள்ளையிடம் “இதை எழுது, அதைக் கூட்டிச் சொல்” என்று ஏவுகிறது. கணக்குப்பிள்ளைக்கும் வயது உண்டு. சில ஆண்டுகளுக்கொரு முறை அவர் புதிய கல்வி கற்றுப் புதிய பதிப்பாக வருவார். பழையவருக்குத் தெரியாத சில வேலைகள் புதியவருக்குத் தெரியும். எனவே மென்பொருள் செய்பவர் ஒரு வரம்பு கட்டியாக வேண்டும்: “இன்ன பதிப்புக்குக் கீழே உள்ள கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கள் மென்பொருளை ஓட்ட இயலாது.” வீட்டுக்கு வாசற்படி கட்டுவது போன்றதே இது. படி தாழ்வாக இருந்தால் கிழவிக்கும் குழந்தைக்கும் ஏறுவது எளிது. ஆனால் மழை வெள்ளமும் உள்ளே வந்துவிடும். படி உயரமானால் வெள்ளம் வராது, கிழவியும் வரமாட்டாள்.

முதன்முதலில் படி கட்டியபோது எங்களுக்குத் துன்பம் இருக்கவில்லை. நாங்கள் தேர்ந்துகொண்டது மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளம். சுவீடன் நாட்டில் 1995-இல் பிறந்து, விலையின்றிக் கிடைத்ததால் உலகெங்கும் பரவியது அது. அதன் பழைய பதிப்புகளுக்கு யூனிகோடு தெரியாது. அந்நாளில் தமிழைக் கணினியில் எழுத அவரவரும் ஒரு குறியீட்டைப் பின்பற்றினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களிடையே டிஸ்கி வழங்கியது. ஒரு கணினியில் எழுதிய உறுப்பினர் பெயர் மற்றொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிடில் கேள்விக்குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளுமாய்ச் சிதறிக் கிடக்கும். தம் பெயரைத் திரையில் காண விரும்பிய பெண்களுக்கு நாங்கள் அதையா காட்டுவது? மைஎஸ்க்யூஎல் 2004 அக்டோபரில் 4.1-ஆம் பதிப்பில் யூனிகோடுக்கு இடமளித்தது. எனவே “4.1 அல்லது அதற்கு மேல்” என்று கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதினோம். தமிழுக்காகக் கட்டிய படி அது. இன்றும் அதைப் பற்றி எங்களுக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் அதற்குப் பிறகு நாங்கள் செய்யாமல் விட்டதைப் பற்றியே. ஆண்டுகள் ஓடின. 5.0 வந்தது, 5.1, 5.5, 5.6, 5.7 வந்தன, 2018 ஏப்ரலில் 8.0 வந்தது. எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் மட்டும் 4.1 என்ற எண் அசையாமல் நின்றது. அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. “எவ்வளவு பழைய கணினியானாலும் எங்கள் மென்பொருள் ஓடும். ஏழைகளை நாங்கள் கைவிடுவதில்லை” என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் 4.1-இல் அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தோம்? எங்கள் மூவரில் ஒருவருக்கும் நினைவில்லை. சோதித்துப் பாராத வாக்குறுதி பொய்யின் உடன்பிறப்பு என்பதை அன்று நாங்கள் அறியவில்லை.

இந்த நோய் எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். உலகின் இணையத்தளங்களில் பெரும் பங்கைத் தாங்கி நிற்கும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள், 2005-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.0-ஐயே தன் கீழெல்லையாக நெடுங்காலம் வைத்திருந்தது. 2024 ஏப்ரலில் வெளியான தன் 6.5-ஆம் பதிப்பில்தான் அதை 5.5.5-க்கு உயர்த்தியது. யாரையும் வெளியே நிறுத்தக்கூடாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். நல்லெண்ணம் நல்லதுதான். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

எங்கள் நல்லெண்ணத்தின் விலையைக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. அவரது பெயர் இங்கே வேண்டாம். அக்கா என்றே அழைப்போம். மூன்று வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவர். பதினாறு பேர் கொண்ட குழுவில் உறுப்பினர். மகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி, ஒரு தவணையும் தவறாமல் கட்டி வந்தவர்.

2022-இல் ஒரு மாதம், தவணைத் தொகைகளை ஒவ்வொன்றாய்த் தட்டெழுதாமல், ஓர் அட்டவணைக் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றினார்கள். அந்தக் கோப்பில் அக்காவின் 1,500 ரூபாய்க்கு முன்னால் எவரோ கைதவறி ஒரு கழித்தல் குறியிட்டிருந்தார். அக்காவின் நிலுவை 10,500 ரூபாய். தவணை கட்டியபின் அது 9,000 ஆகியிருக்க வேண்டும். கணினியோ 12,000 என்றது. மாதக் கூட்டத்தில் அந்தத் தொகையைத் தலைவி உரக்க வாசித்தார். அக்கா எழுந்து நின்று, “நான் கட்டிட்டேன் தலைவியம்மா, பாஸ்புக்ல எழுதியிருக்கு பாருங்க” என்றார். “கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுமா?” என்று யாரோ கேட்டார். சிலர் சிரித்தார்கள். கையால் எழுதிய பாஸ்புக்கை நம்புவதா, கணினியை நம்புவதா என்ற கேள்வியில் கணினி வென்றது. அக்கா அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை.

எங்களுக்குச் செய்தி எட்டியபோது நாங்கள் முதலில் நம்பவில்லை. ஏனெனில் “தவணைத் தொகை பூஜ்யத்துக்கு மேற்பட்டதாகவே இருக்க வேண்டும்” என்று 2006-லேயே தரவுத்தளத்துக்குக் கட்டளை எழுதிவைத்திருந்தோம். அப்படியிருக்க, கழித்தல் குறியுள்ள தொகை எப்படி உள்ளே போயிற்று? அதைவிட வியப்பு என்னவெனில், அதே கோப்பைப் பக்கத்துக் குழுவின் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது அது உடனே மறுத்துவிட்டது. ஒரே மென்பொருள், ஒரே கோப்பு, ஒரே கட்டளை. ஒரு கணினி ஏற்கிறது, மற்றொன்று மறுக்கிறது.

தேடிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் இத்தகைய கட்டளையை ஏற்றுக்கொள்ளும், பிழையென்று சொல்லாது, ஆனால் அதை நிறைவேற்றாது. படித்துவிட்டுப் பேசாமல் ஒதுக்கிவிடும். 2019-இல் வந்த 8.0.16-இல்தான் அந்தக் கட்டளை மெய்யாகவே செயலுக்கு வந்தது. பக்கத்துக் குழுவில் 2021-இல் புதிதாக நிறுவியதால் அது தப்பித்தது. “அப்படியே ஆகட்டும் ஐயா” என்று தலையாட்டிவிட்டு வயலுக்குப் போகாத வேலையாளை நம்பி, பதினாறு ஆண்டுகள் நாங்கள் நிம்மதியாய் உறங்கியிருந்தோம். இது மறைக்கப்பட்ட செய்தியும் அன்று. கையேட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

மேலும் தோண்டியபோது வேறு சிலவும் கிடைத்தன. 2015-இல் வந்த 5.7-க்கு முந்தைய பதிப்புகள், தனியே கட்டளையிட்டாலொழிய, இயல்பாகவே கண்டிப்பில்லாதவை. பிப்ரவரி 30 என்று தவறாகத் தேதி கொடுத்தால் மறுக்காமல், ஆண்டும் மாதமும் நாளும் பூஜ்யமாக எழுதிவைத்துக்கொள்ளும். ஒதுக்கிய இடத்தைவிடப் பெயர் நீளமானால் வாலை வெட்டிவிடும். எச்சரிக்கை ஒன்றை ஓரமாய் முணுமுணுக்கும், யார் கேட்பது? “எந்தப் பழைய கணினியிலும் ஓடும்” என்ற எங்கள் பெருமையின் உள்ளிருந்தது இதுதான். ஓடியது உண்மை. சரியாக ஓடியதா?

அக்காவின் வீட்டுக்கு நாங்கள் மூவரும் போனோம். தவறு எங்களுடையது என்று சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “என்கிட்ட சொல்றது சரி சார். சிரிச்சவங்க முன்னாடி சொல்வீங்களா?” என்று கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் பதினாறு பேர் முன்னிலையில் சொன்னோம். அதன்பின் அவர் குழுவுக்குத் திரும்பினார். ஆனால் அந்தச் சிரிப்பை எங்களால் திருப்பி வாங்க முடிந்ததா?

இவ்வளவு நடந்தும் கையேட்டின் எண்ணை நாங்கள் உடனே மாற்றவில்லை. மென்பொருளின் உள்ளே ஒரு தடுப்பைச் சேர்த்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று அமைந்தோம். இரண்டாவது அடி விழ வேண்டியிருந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. 2015-இன் வெள்ளத்தை மறக்காத முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் மீண்டும் நீர் புகுந்தது. ஒரு குழுவின் கணினி நீரில் மூழ்கிப் போயிற்று. நல்லவேளையாகக் குழுச் செயலர் முந்தின வாரமே கணக்கு முழுவதையும் நகலெடுத்துப் பென் டிரைவில் வைத்திருந்தார். வெள்ளத்தில் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு மாடியேறினாராம். கைவசம் மாற்றுக் கணினி ஒன்றிருந்தது; அதில் மைஎஸ்க்யூஎல் 5.5. நகலோ 8.0-இல் எடுத்தது. ஏற்ற முயன்றோம். “இந்த வரிசை முறையை நான் அறியேன்” என்று சொல்லிப் பழைய கணக்குப்பிள்ளை கைவிரித்துவிட்டார். எழுத்துகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதற்கு 8.0 ஒரு புதிய முறையை இயல்பாகக் கொண்டிருக்கிறது. அதன் பெயரே 5.5-க்குத் தெரியாது. வங்கித் தவணை கட்டும் நாள் நெருங்கியது. கணித ஆசிரியர் ஈரமான பாஸ்புக்குகளை விசிறிக் காற்றில் உலர்த்தி, இரவெல்லாம் கையால் கணக்கிட்டு முடித்தார். ஒரு குழுவின் துன்பத்தில் மற்றொரு குழுவின் கணினி உதவ வேண்டுமானால் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவான ஒரு தளம் இருந்தாக வேண்டும் என்பது அந்த இரவில் எங்களுக்குப் புரிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2023 அக்டோபரிலேயே, 5.7-க்கான ஆதரவும் முடிந்துவிட்டிருந்தது. இனி அதில் பாதுகாப்புக் குறை ஏதேனும் கண்டுபிடிக்கப்பட்டாலும், செய்தவர்கள் திருத்தம் தரமாட்டார்கள்.

2024 சனவரியில் விவாதம் தொடங்கியது. மூவருக்கும் மூன்று கருத்து.

இளையவர் சொன்னார்: “உடனே 8.0-க்கு உயர்த்திவிடுவோம். ஒரு பதிப்பை ஆதரிக்கிறோம் என்றால், ஒவ்வொரு முறையும் அதில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்து பதிப்புகள், விண்டோஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள், பத்துச் சோதனைகள். நாம் மூன்று பேர். தவிர, பாஸ்புக்கில் வரிக்கு வரி நிலுவை காட்ட வேண்டுமே, அதைப் பழைய பதிப்புகளுக்காக நாற்பது வரிகளில் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறோம். 8.0-இல் அது ஒரே வரி. அந்த நாற்பது வரிகளை எனக்குப் பின் யார் படித்துப் புரிந்துகொள்வார்கள்?”

வங்கியில் இருந்தவர் மறுத்தார்: “நம்முடைய பத்தொன்பது குழுக்களில் ஒன்பதில் இருப்பவை பழைய கணினிகள்; 32 பிட் விண்டோஸ் 7. மைஎஸ்க்யூஎல் 8.0 விண்டோஸில் 64 பிட்டுக்கு மட்டுமே கிடைக்கிறது. எண்ணை மாற்றுவது உனக்கு ஒரு நிமிட வேலை. அவர்களுக்கு அது இருபதாயிரம் ரூபாய். யார் தருவது? நம் வசதிக்காக அவர்களை வெளியே தள்ளுவதா?”

ஆசிரியர் சமரசம் பேசினார்: “பழையவர்களுக்குப் பழைய மென்பொருள், புதியவர்களுக்குப் புதியது. இரண்டையும் வைத்துக்கொள்வோம்.” கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் இரண்டையும் யார் பேணுவது என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை.

உலகம் இதை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்தோம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தைச் செய்பவர்கள் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆயுள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். பிறந்த அன்றே இறப்பு நாளும் தெரியும். எனவே யாரும் ஏமாற வேண்டியதில்லை. ஜாங்கோ என்னும் மென்பொருள் கட்டமைப்பு 2023 ஏப்ரலில் தன் 4.2-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, அந்த ஆண்டின் இறுதிக்குள் ஆயுள் முடியவிருந்த போஸ்ட்கிரெஸ் 11-ஐயும் மைஎஸ்க்யூஎல் 5.7-ஐயும் கைவிட்டது. தன் பதிப்பு மூன்றாண்டு வாழ வேண்டுமானால், பாதி வழியில் இறக்கப்போகும் துணையை நம்பிப் புறப்படக் கூடாது என்பது அதன் நியாயம். மறுபக்கம், சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ், மரியாடிபி 5.5 என்னும் பழைய தரவுத்தளத்தைத் தன்னுடனேயே வைத்து, 2024 சூன் வரை திருத்தங்கள் தந்து காத்தது. ஆக, பதிப்பு எண்ணின் முதுமையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் இயலாது. அந்த முதியவரைக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல பாடம் எங்கள் காலடியிலேயே கிடந்தது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது மீட்டர் பாதையில். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். 1992-இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்தது. 1,676 மில்லிமீட்டர் அகலமே இனி நாட்டின் அளவு என்று முடிவாயிற்று. ஆனால் ஒரே நாளில் மீட்டர் பாதையைப் பெயர்த்தெறிந்துவிடவில்லை. சில ஆண்டுகள் இரு வகைத் தடங்களும் அருகருகே இருந்தன. அகலப் பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கி, பயணிகள் அதற்குப் பழகிய பின்பே, 2004-இல் மீட்டர் பாதை மின்வண்டி நின்றது. தடம் மாறியது, பயணி தாம்பரம் நிலையத்தில் நிற்கவிடப்படவில்லை. இரு தடங்களையும் என்றென்றும் வைத்துக்கொள்வது அறிவுடைமையன்று. மாற்று வண்டி வருமுன் பழைய வண்டியை நிறுத்துவது அறமன்று.

மூன்று ஞாயிறுகள் இப்படிப் பேசித் தீர்த்தபின்தான், வங்கியில் இருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். “அந்த ஒன்பது கணினிகளையும் நம்மில் யாராவது நேரில் பார்த்திருக்கிறோமா?” ஒருவரும் பார்த்ததில்லை! 32 பிட் விண்டோஸ் என்று குழுக்கள் தொலைபேசியில் சொன்னதை வைத்தே இவ்வளவு தர்க்கமும் நடந்திருந்தது. ஏழைகளின் பெயரால் ஒருவர் வாதாடினார். எதிர்காலத்தின் பெயரால் ஒருவர் வாதாடினார். அந்த ஏழைகளின் வாசலில் போய் நிற்க எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரமே இரண்டு வண்டிகளில் புறப்பட்டோம். பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், கண்டிகை என்று அலைந்தோம். போன இடத்திலெல்லாம் தேநீர் கொடுத்தார்கள். கணினியைத் திறந்து பார்த்தபோது எங்களுக்கு நாணமாக இருந்தது. ஒன்பதில் ஏழு கணினிகளின் செயலி 64 பிட் வேலை செய்யக் கூடியது! விற்றவரோ நன்கொடை அளித்தவரோ 32 பிட் விண்டோஸை அதில் ஏற்றிவிட்டதால், பல ஆண்டுகளாக அவை தம் ஆற்றலில் பாதியோடு வாழ்ந்து வந்தன. கணினியை மாற்ற வேண்டியதே இல்லை. நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக விலையில்லாத டெபியன் லினக்ஸை ஏற்றினால் போதும். இருபதாயிரம் என்று அஞ்சிய செலவு, கணினிக்குச் சில நூறு ரூபாயில் முடிந்தது.

டெபியன் 12-இல் மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதிலாக அதன் இளைய உறவான மரியாடிபி 10.11 வருகிறது. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் அதிலிருந்து கிளை பிரித்துத் தொடங்கியது இது. முதலாவதற்கு மூத்த மகள் மை, இரண்டாவதற்கு இளைய மகள் மரியா என்று பெயரிட்டவர் அவர். கட்டளைகளை மெய்யாகவே நிறைவேற்றும் குணமும், வரிக்கு வரி நிலுவை கூறும் திறனும் மரியாடிபிக்கு 10.2 பதிப்பிலிருந்தே உண்டு. எனவே எங்கள் புதிய படியை இப்படி வகுத்தோம்: மைஎஸ்க்யூஎல்லானால் 8.0.16, மரியாடிபியானால் 10.11. ஒரு கணினியில் எடுத்த நகலை மற்றொன்றில் ஏற்ற வேண்டுமல்லவா? ஆகவே எழுத்து வரிசை முறையைத் தரவுத்தளத்தின் விருப்பத்துக்கு விடாமல், இரண்டுக்கும் தெரிந்த ஒன்றை நாங்களே பெயர் சொல்லிக் குறித்தோம். இந்த எண்களை எப்படித் தேர்ந்தோம் என்று எவரேனும் கேட்டால், இன்று எங்களால் விடை சொல்ல முடியும். புதியது என்பதற்காக 8.0.16 அன்று, அக்காவின் கணக்கைக் காக்கும் காவல் முதன்முதலாக விழித்துக்கொண்ட பதிப்பு அது என்பதற்காகவே.

மீதி இரண்டு கணினிகள் மெய்யாகவே மிகப் பழையவை. ஒன்றுக்கு ஓர் அன்பர் தம் வீட்டில் சும்மா கிடந்த கணினியைக் கொடுத்தார். கடைசிக் குழு கண்டிகைப் பக்கத்தில் இருந்தது, பன்னிரண்டே பேர். அவர்களுக்கும் ஒரு கணினி தேடித் தருகிறோம், சிறிது காலம் பொறுங்கள் என்றோம். குழுத் தலைவி வயதானவர். எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். “வேணாம் தம்பி. இந்தப் பெட்டி வர்றதுக்கு முன்னாடியும் நாங்க கணக்கு எழுதினோம். நோட்டு இருக்கு. நீங்க வந்து போயிட்டிருங்க, அது போதும்” என்றார். இப்போது அவர்கள் பேரேட்டில்தான் எழுதுகிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் போய்க் கூட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். இதுவரை ஒரு ரூபாய் பிசகியதில்லை.

அந்தக் குழுவை நாங்கள் இழந்துவிட்டோமா, காப்பாற்றினோமா என்று இன்றும் எங்களுக்குத் தெளிவில்லை. எந்தப் படியைக் கட்டினாலும் ஏற இயலாத ஒருவர் இருப்பார் போலும். அவர் இல்லை என்று பாசாங்கு செய்வதற்காகப் படியைத் தரையோடு இழைத்துவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் நனைவார்கள். படியை உயர்த்திவிட்டு, ஏற முடியாதது அவர் குறை என்று கதவைச் சாத்திக்கொள்வதும் கொடுமை. உயர்த்த வேண்டியதை உயர்த்திவிட்டு, இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வதே மிச்சமுள்ள வழி. அது மென்பொருளால் ஆகாது; கால்களால்தான் ஆகும்.

இப்போது எங்களுக்குச் சில விதிகள் உண்டு. ஆண்டுதோறும் சனவரி முதல் ஞாயிறன்று கையேட்டின் முதல் பக்கத்து எண்ணை எடுத்து வைத்துப் பேசுகிறோம். உயர்த்துவதானால் ஓராண்டு முன்பே எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணுள்ள கணினி ஒன்றை எங்கள் மாடியறையிலேயே வைத்து, ஒவ்வொரு வெளியீட்டையும் அதில் முதலில் ஓட்டிப் பார்க்கிறோம். கணினியை நேரில் பாராமல் அதைப் பற்றி வாதிடுவதில்லை. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கும் வகுத்த காலம் 2026 ஏப்ரல் வரைதான் என்பது எங்கள் நாட்காட்டியில் அன்றே சிவப்பு மையில் குறிக்கப்பட்டுவிட்டது. படி கட்டும் வேலை ஒரு முறையோடு முடிவதில்லை.

சென்ற மாதம் அக்காவின் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அவர் கடன் முழுவதும் அடைந்துவிட்டது. தலைவி கணினித் திரையைப் பார்த்து, “நிலுவை பூஜ்யம்” என்று வாசித்தார். அக்கா உடனே மகிழ்ந்துவிடவில்லை. இடுப்பிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, கடைசி வரியைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்திருந்தன. பிறகே சிரித்தார். மற்ற பெண்களும் தத்தம் பாஸ்புக்கை எடுத்து ஒப்பிடத் தொடங்கினார்கள். அந்தக் குழுவில் இப்போது அதுவே வழக்கமாம்.

கணினியை நம்பச் சொல்லி அவர்களிடம் போனவர்கள் நாங்கள். எதையும் சரிபார்த்த பின்பே நம்ப வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நம் ஒவ்வொருவர் வீட்டிலும், அலுவலகத்திலும், சங்கத்திலும் நாம் என்றோ எழுதிவைத்து மறந்துபோன ஒரு முதல் பக்கம் இருக்கும். அதில் உள்ள எண் இன்று யாரைக் காக்கிறது, யாரைத் தடுக்கிறது என்று நாம் கடைசியாகப் பார்த்தது எப்போது?